அம்மாவின் வலது கைக்குள் ஓடும் தண்ணீர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், ஆனால் அந்த வரியை எழுதினவர்கள் யாரும் நிஜத்தைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே இப்படி வைத்துக்கொள்: எனக்கு முழங்கால் பிடிப்பு வழக்கம்போல, உன் அம்மாவுக்குக் கை வழக்கம்போல, இரண்டு பேருக்கும் பசியும் தூக்கமும் ஒழுங்காக இருக்கின்றன. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மா அதை முதலில் நின்றுகொண்டே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள், எழுந்துபோய் ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள். "பொண்ணு சொல்றதும் சரிதான்னு தோணுது" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸை விட்டுவிடு அம்மா, உனக்குக் கை பெரிதா ஸ்டியரிங் பெரிதா என்று நீ கேட்டிருந்தாயே, அந்த இடத்தைத்தான் சொல்கிறாள். நானும் அவளிடம் அதையேதான் ஓதிக்கொண்டிருந்தேன், நான் சொன்னால் "நீங்க உங்க பைப்பைப் பாருங்க, என் கையை நான் பாத்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிடுவாள். உன் சொல் அப்படி இல்லை, அது அவளிடம் எடுபடும். அதனால்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் திங்கட்கிழமை டிப்போவில் அவளுக்குப் பரிசோதனை நடந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன், பார்த்ததிலிருந்து என் அபிப்பிராயம் தலைகீழாகிவிட்டது. பாதிப் பக்கத்திலிருந்து கடைசி வரிக்குத் தாவும் பழக்கம் உனக்கு உண்டு. இந்தத் தடவை மட்டும் வரிசையாகப் படி.

நீ போனில் பார்ப்பது அம்மாவின் முகத்தை மட்டும், கை எப்போதும் சட்டத்துக்கு வெளியே இருந்துவிடுகிறது, அதை அவள் வேண்டுமென்றேதான் செய்கிறாள். மார்பில் கட்டி எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள், அது உனக்குத் தெரியும். அப்போது அந்த அறுவை மருத்துவர் வாசலில் நின்றுகொண்டே, பின்னால் கொஞ்சம் வீக்கம் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வரலாம் என்றால் எப்போது, கொஞ்சம் என்றால் எவ்வளவு, வந்தால் யாரிடம் போவது, ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதரின் கோட்டும் நடையும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன, ஒருநாளும் மறக்கப்போவதில்லை. நீ ஊருக்குப் போன பிறகு முதலில் கடிகாரப் பட்டை வழக்கமான ஓட்டைக்கு எட்டாமல் போயிற்று. அம்மா பட்டைதான் சுருங்கிவிட்டது என்றாள். அப்புறம் சீருடைச் சட்டையின் வலது கை மட்டும் இறுகியது. சட்டையும் சுருங்கிவிட்டது என்றாள். மோதிரம் கழலாமல் சோப்புப் போட்டு இழுத்த அன்றுதான் இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசினோம். இது லிம்ஃபெடீமா, நிணநீர் தேங்கி வருகிற வீக்கம், முழுதாகக் குணமாகாது, ஆனால் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு ஆயுசு முழுவதும் வாழலாம் என்று சொன்னார்கள். டிப்போவில் உடனே அவளை வண்டியிலிருந்து இறக்கி விசாரணைக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். கை அடங்கிய பிறகு மருத்துவரும் பார்த்து, வண்டியையும் ஓட்டிக் காட்டினால் திரும்பலாம், இல்லாவிட்டால் நிரந்தரமாகக் கவுண்டர்தான். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், மார்க்கெட்டுக்கு எந்த பஸ் என்று பதில் சொல்வது. வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் பேச ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் எந்தச் சந்தில் எவன் குறுக்கே வந்தான், எந்தக் கிழவர் இறங்கும்போது என்ன சொன்னார் என்று சாப்பாடு ஆறும்வரை சொல்லுவாள், நான்தான் போதும் என்பேன். கவுண்டருக்குப் போனபின் சாப்பாடு சூடாகவே தீர்ந்தது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள், சிரிக்காமல் ஜோக் அடிக்கிற ரகம். முதல் நாள் அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு, வீங்கின கையைத் தொடவே இல்லை. கழுத்தில் விரலை வைத்தாள், தோலை நகர்த்தினாள், விட்டாள், மறுபடி நகர்த்தினாள். பிறகு மறுபக்கத்து அக்குள், பிறகு வயிறு. நான் பொறுத்துப் பார்த்தேன். வலது கை வீங்கியிருக்கிறது, இடது பக்கத்தைத் தடவுகிறாளே, இவளும் அந்தக் கோட்டு மருத்துவரின் வம்சம்தானோ என்று நினைத்து, கை இங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவள் நிமிராமல், "போற இடத்தை முதல்ல காலி பண்ணணும் சார், அப்புறம்தான் கை" என்றாள். மகளே, எனக்கு நாற்காலியில் முதுகு நிமிர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்த ஊருக்குத் தண்ணீர் அனுப்புகிற வேலையில் என் தலை நரைத்தது. மேலே மதகைத் திறக்கும் முன் கீழ்க்கால்வாயைக் காலியாக வைத்துக்கொள் என்பதுதான் நான் என் கீழ் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்ன முதல் பாடம், அதைக் கற்றுக்கொள்ளாத மண்டையாட்டிதான் இன்று எனக்கு மேலே தலைமைப் பொறியாளராக உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பாடம் என் மனைவியின் தோலுக்கடியில், அவள் பிறந்த நாளிலிருந்தே, யாரும் சொல்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் என் தொழிலைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கும் உற்சாகம் வந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் அம்மாவின் வயிற்றுக்கு மேலே கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா கண்ணை மூடியபடி, "நான் இங்க இருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

உனக்கு ஒன்று தெரியுமா, ரத்தத்துக்கு இதயம் என்று ஒரு பம்பு இருக்கிறது, இந்த நிணநீருக்குப் பம்பே கிடையாது. எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் ஒன்று மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும், இல்லாவிட்டால் மின்சாரத்தைத் தின்றுகொண்டு மேலே ஏறும். இது இரண்டும் இல்லாமல் விரல் நுனியிலிருந்து கழுத்தடிவரை போகிறது. குழாய்களே சின்னச் சின்னதாகச் சுருங்கிக்கொள்கின்றன, பக்கத்திலுள்ள தசை அசையும்போது ஒரு தள்ளு, மூச்சு இழுத்துவிடும்போது ஒரு தள்ளு, திரும்பி வராமல் தடுக்க இடையிடையே வால்வு. உள்ளங்கையை மூடித் திறந்தால் ஒரு ஓடை நகர்கிறது. இதை யாரும் எனக்குப் படிப்பில் சொல்லவில்லை. படித்து முடித்தபின் தெரிந்துகொண்டதுதான் எனக்கு எப்போதும் பெரிதாக இருந்திருக்கிறது, ஆனால் இந்த அளவுக்கு எதுவும் என்னை வாயடைக்க வைத்ததில்லை. அம்மா காய் நறுக்கும்போது நான் அவள் முன்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள், கத்தியைப் பிடுங்கிக்கொள்ளவா போகிறீர்கள், ஏன் இப்படி முறைக்கிறீர்கள் என்று கேட்கிறாள்.

அடுத்து அந்த ஸ்லீவ், கை வீங்காமல் இறுக்கிப் பிடிக்கிற உறை. போனில் எப்போதாவது கை தவறிச் சட்டத்துக்குள் வந்தபோது நீ பார்த்தது அதன் ஓரம்தான், தோல் நிறத்தில் மணிக்கட்டருகே தெரியுமே அது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை, கூட விரல் நுனிகள் திறந்த கையுறை ஒன்று. எங்கள் நிலையத்தில் அழுத்தம் குறைக்கிற வால்வு ஒன்றைத் தூக்க மூன்று ஆள் வேண்டும். இந்தத் துணி கைக்குட்டை கனம்கூட இல்லை, ஆனால் மணிக்கட்டில் அதிக அழுத்தம், மேலே போகப் போகக் குறைவு என்று அந்த ஏற்ற இறக்கத்தை நூலுக்குள்ளேயே பின்னி வைத்திருக்கிறார்கள். அவள் கைக்கென்றே அளவெடுத்துச் செய்தது, வேறு யார் கைக்கும் உதவாது. மேல் விளிம்பு உருண்டால் அதை மடித்துவிடக் கூடாது, மடித்தால் அந்த இடத்தில் இரட்டை இறுக்கமாகி ஓடையை அணைபோட்டு நிறுத்திவிடும். காலையில் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, சுருக்கம் இல்லாமல், இழுக்காமல், தடவித் தடவி மேலே ஏற்றவேண்டும், நகம் பட்டால் நூல் போய்விடும். க்ரீம் இரவில்தான், போடும் முன் தடவினால் ஏறாது, துணியும் கெடும். இரவில் கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பில் அலச வேண்டும், துணியை மிருதுவாக்குகிற அந்த வாசனைத் திரவத்தைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி ஒற்றிவிட்டுச் சமமாகப் போட்டு நிழலில் உலர்த்தவேண்டும். வெயில், ஹீட்டர், எந்தச் சூடும் ஆகாது. தினம் துவைப்பது அழுக்குக்காக மட்டும் இல்லை, பகலெல்லாம் இழுபட்ட நூல் தண்ணீர் பட்டால்தான் பழைய அளவுக்கே திரும்புகிறது. எனக்கு இதிலும் ஆச்சரியம்தான். இந்தத் துவைக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருநாள் தொட்டிக்கு முன்னால் நான் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மா, "கல்யாணம் ஆன புதுசுல என்னைக்கூட இவ்வளவு ஜாக்கிரதையா தொட்டதில்லை நீங்க" என்றாள். இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் உன் அத்தை வந்தாள். பரிசோதனை திங்கட்கிழமை, அவள் சனிக்கிழமை காலை பெட்டியோடு வந்து நின்றாள், துணைக்கு இருக்கிறேன் என்று. என் அக்காவாகவே இருந்தாலும், அறுவை முடிந்த அன்று ஆஸ்பத்திரி வார்டில் நாலு பேர் காதுபட "என் தம்பி பேச்சைக் கேட்டுக் கேட்டே இவ உடம்பு கெட்டுச்சு" என்று சொன்னவள் அவள், அதன் பிறகு நான் அவளோடு அவசியத்துக்கு மேல் பேசியதில்லை, அதுவும் உனக்குத் தெரியும். அம்மா ஓடிப்போய் வாங்க அண்ணி என்று பெட்டியை வாங்கினாள், இடது கையால். அத்தையின் பழக்கம் உனக்கு மறந்திருக்காது, வீட்டில் இஸ்திரி போடாத துணி இருந்தால் அவளுக்கு உட்கார முடியாது. நீ சின்னவளாக இருந்தபோது உன் பொம்மையின் பாவாடைக்குக்கூட இஸ்திரி போட்டவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், தலையணை உறை, கைக்குட்டை, பாத்திரம் துடைக்கிற துணி, என் காலுறை எல்லாவற்றையும் தேய்த்து மடித்து அடுக்கிவிட்டாள். அந்த அடுக்கின் உச்சியில், அழகாக நடுவில் கோடு விழ, அம்மாவின் புது ஸ்லீவ். நாளைக்குப் போட்டுக்கொண்டு போவதற்கென்று நான் நிழலில் விரித்து வைத்திருந்தது. நல்ல நாளும் அதுவுமா கசங்கிக் கிடந்துச்சு, சூட்டை நல்லா வச்சு ஒரு அழுத்து அழுத்தினேன் என்று பெருமையாகச் சொன்னாள். நான் எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று, காகிதம்போலத் தட்டையாக இருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் நீண்டபடியே நின்றது.

என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்று எழுத மாட்டேன், பாதிதான் வெளியே வந்தது. அம்மா அதைக் கையில் ஏற்றிப் பார்த்தாள், மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கியது. இரண்டு வைத்துக்கொண்டு ஒன்று உடம்பில் ஒன்று துவைப்பில் என்று மாற்றிக் கட்டவேண்டும் என்பதுதான் முறை, ஆனால் புதிய ஜோடியில் ஒன்றுதான் வந்திருந்தது, மற்றது வர இன்னும் சில வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அது தவிர இருந்தது ஆறு மாதம் உழைத்து இறுக்கம் தளர்ந்துபோன பழைய ஸ்லீவ். அதைப் போட்டுக்கொண்டு போனால் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கை நிரம்பும், டிப்போ மருத்துவர் டேப் வைத்து அளப்பார், முடிந்தது கதை. அத்தைக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் அழவில்லை, அழுகிற ஜாதி இல்லை அவள், போய் அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே பளிச்சென்றிருந்த அடுப்பை. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, கையில் தொங்கின அந்தத் துணியைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "விடுங்க அண்ணி, என் கையையும் சேர்த்துத் தேய்ச்சிருந்தா வீக்கமும் இறங்கியிருக்கும்" என்றாள். அடுப்படியிலிருந்து தேய்க்கிற சத்தம் நின்று, கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டது. நான் சிரிக்கவில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்றேன், உள்ளுக்குள் எனக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது, இதோடு பஸ் ஆசை ஒழியட்டும் என்று. அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "தள்ளிப் போட்டா அந்த நாற்காலியிலேயே என்னை மறந்துடுவாங்க" என்றாள். கத்திச் சொல்லவில்லை. அவள் குரலில் இப்படி ஒரு பயத்தை நான் அறுவைக்கு முந்தின நாள்கூடக் கேட்டதில்லை.

பிசியோ பெண்ணுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டி எந்த கம்பெனி என்று கேட்டாள், அவளுடைய ஜோக் அது. பிறகு வழி சொன்னாள்: இன்று சாயங்காலமே கையைப் பேண்டேஜ் சுற்றிவிடுங்கள், இரவு முழுக்க இருக்கட்டும், காலையில் அவிழ்த்ததும் கை மறுபடி நிரம்ப விடாமல் உடனே பழைய ஸ்லீவைப் போட்டுவிடுங்கள், அரை நாள் தாங்கும், விரல் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ யோசிக்காமல் அவிழ்த்துவிடுங்கள். பேண்டேஜ் சுற்ற அவளே எனக்கு முன்பு கற்றுக்கொடுத்திருந்தாள், அடிக்கடி செய்தும் இருக்கிறேன், ஆனால் சுருள் பிடித்துக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அம்மாவுக்கு இருக்கிற இன்னொரு கை போதாது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு விரலாக மெல்லிய துணி, பிறகு பஞ்சுப் பட்டை, பிறகு அதிகம் நீளாத அந்தத் தடித்த பேண்டேஜ், ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி. ஒரே இழுப்பில் சுற்றிக்கொண்டே போனால் போதும், ஒல்லியான இடத்தில் அழுத்தம் தானாகக் கூடும், பருத்த இடத்தில் தானாகக் குறையும். இந்த விதியைக் குழாய்க்கு ஆயிரம் தடவை கணக்குப் போட்டிருக்கிறேன், மனிதக் கைமேல் அது கீழ்ப்படிவதைப் பார்க்கும்போது மயிர் கூச்செறிகிறது. அத்தை சுருளை ஒரு சுருக்கம் இல்லாமல் விறைப்பாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, "இன்னும் கொஞ்சம்", "விடு", "பிடி" அவ்வளவுதான். அம்மா நடுவில் மன்னர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடனே நானும் அக்காவும் ஒன்றாகிவிட்டோம் என்று நீ முடிவு கட்டாதே. வார்டில் சொன்னது சொன்னதுதான். சுருள் நன்றாகப் பிடித்தாள், அதையும் சொல்லவேண்டும்.

காலையில் வெளிச்சம் வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து அவிழ்த்தேன். ஒவ்வொரு சுற்றாகக் கழன்று மடியில் விழுந்தது. உள்ளே இருந்து வந்த கையை மூவருமே குனிந்து பார்த்தோம். தோலில் பட்டையின் நெளிநெளியான தடம், ஈர மணலில் அலை விட்டுப்போன மாதிரி. முழங்கை எலும்பு தெரிந்தது. புறங்கையில் நீல நரம்புகள் ஓடின. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த மனிதரைப் போல அந்த நரம்புகளை அம்மா இடது விரலால் தொட்டுப் பார்த்தாள். இத்தனை தண்ணீர் எங்கே போயிற்று? ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை, எந்த மோட்டாரும் ஓடவில்லை, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, மூச்சு விடுகிற வேகத்தில், வெட்டி எடுத்த வழியை விட்டுவிட்டுத் தோலுக்கடியில் வேறு வேறு சின்ன வழிகளைத் தேடிப் பிடித்து, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் வேலையில் ஒரு பிரதானக் குழாயை அறுத்துவிட்டால் ஊரே காலிக் குடத்தோடு அலுவலக வாசலுக்கு வந்துவிடும். நான் கடவுளைப் பற்றி அதிகம் பேசுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். அந்த ஜன்னலோரத்தில் ஏதோ ஒன்றின்முன் தலை குனியவேண்டும் என்று தோன்றியது. பழைய ஸ்லீவைக் குனிந்து மாட்டிவிட்டேன்.

டிப்போவில் மருத்துவர் வலது கையில் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை எடுத்தார். அம்மா இடது கையை நீட்டி, அந்தக் கையில் பட்டை கட்டுவதும் ஊசி போடுவதும் எனக்கு ஆகாது டாக்டர் என்று நிதானமாகச் சொன்னாள். அவர் சரி என்று மாற்றிக்கொண்டார், கையை மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டார். வண்டியில் பரிசோதகராக வந்தவருக்கு டிப்போவில் ஹேண்ட் பிரேக் என்று பெயர், எதையும் நகரவிட மாட்டாராம். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, வீட்டுக்காரரா, பின்னால ஏறிக்கோங்க, வண்டிக்கு எடை வேணும் என்றார். கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். காலி பஸ், நடுவே கம்பிகள் வரிசையாக, அந்தக் கோடியில் கண்ணாடிக்குக் கீழே உன் அம்மாவின் முதுகு. வீட்டில் அவள் முதுகை அடுப்புக்கு முன்னால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இது வேறு முதுகு. இருக்கையைச் சரிசெய்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், வண்டியின் உறுமலைக் காதால் ஒரு கணம் கேட்டாள், கிளப்பினாள். மார்க்கெட் சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் ஒரு விரல் இடம்விட்டு அந்த நீளத்தையெல்லாம் நூல் கோப்பதுபோல் கொண்டுபோனாள். பாலத்து ரவுண்டானாவில் பெரிய ஸ்டியரிங்கை முழு வட்டமாக இழுத்தாள், வலது கை மேலே ஏறி, பிடி மாறி, இறங்கி, மறுபடி ஏறியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்தக் கை நிரம்புகிறது, நிரம்புகிறது என்றே நினைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தேன். ரொட்டிக் கடைக்கு எதிரே ஒரு வேன் பின்னால் பார்க்காமல் சாலைக்கு வந்துவிட்டது. என்ன நடந்தது என்று எனக்குப் புரியும் முன்னே பஸ் அதைச் சுற்றி ஒதுங்கி, யாரையும் உரசாமல், மறுபடி தன் வரிசையில் போய்க்கொண்டிருந்தது. நான் இருக்கையில் சரியக்கூட இல்லை. ஹேண்ட் பிரேக் ஜன்னலைப் பார்த்தபடி, "கவுண்டர்ல உட்கார வச்சது யாருங்க உங்களை?" என்று கேட்டார். அம்மா, நீங்கதான் சார் என்றாள்.

இறங்கியதும் மருத்துவர் மறுபடி அளந்தார். இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், மகளே. கையில் வீக்கம் ஏறவில்லை. மணிக்கட்டிலும் தோளுக்குக் கீழேயும் அப்படியே, முன்கையில் ஒரு நூல் குறைந்தே இருந்தது. அளந்தவரே டேப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். சாயங்காலம் பிசியோ பெண்ணைக் கேட்டேன். ஸ்லீவ் வெளியே சுவர் மாதிரி நிற்கும்போது உள்ளே தசை சுருங்கிச் சுருங்கி விரிந்தால் நீரைத் தள்ளும், அளவோடு செய்கிற வேலை இந்தக் கைக்குப் பகை இல்லை, அசையாமல் மணிக்கணக்காகத் தொங்கப்போடுவதுதான் பகை என்றாள். ஒருநாள் அளவை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள், பார்த்துப் பார்த்துத்தான் கூட்டவேண்டும் என்றும் சொன்னாள். யோசித்துப் பார். பம்பு இல்லாத ஓடை என்று நான் வியந்துகொண்டிருந்தேனே, அந்த ஸ்டியரிங்தான் அதன் பம்பு. நீயும் நானும் எதை விட்டுவிடச் சொன்னோமோ, அது. நான் இத்தனை வருஷமாக அலுவலகத்திலும் உறவிலும் யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்று சேர்த்து வைத்திருக்கிறேன், அதில் எதையும் தள்ளுபடி செய்யப்போவதில்லை. ஆனால் அந்தக் காலி பஸ்ஸின் கடைசி இருக்கையில் அரை மணி நேரம் யார்மேலும் எனக்குக் கோபம் இருக்கவில்லை, அதற்கு இடமே இல்லாமல் இருந்தது.

தேறிவிட்டாள். குறுகிய தடம், இடைவேளையில் கையை உயர்த்தி வைத்து ஓய்வு, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, இந்த நிபந்தனைகளோடு வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உன் அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். டிப்போவில் எல்லோரும் கை தட்டினார்கள், இவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், அவ அவ்வளவு தூரம் எழுதியிருக்கா" என்றாள். நீ பயந்துதான் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவர்களுக்குப் பயம் பெரிதாகத் தெரியும், அது உன் குற்றம் இல்லை. கை விஷயத்தில் பயப்படவேண்டியதற்கு நாங்கள் பயப்படுகிறோம், தோலில் சின்னக் கீறல் என்றாலும் கழுவி மருந்து போடுகிறோம், கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அதில் சமாதானமே கிடையாது. புது ஸ்லீவுக்கு மறுபடி அளவு கொடுத்தாகிவிட்டது, அது வரும்வரை தினம் சாயங்காலம் பேண்டேஜ்தான். சுருள் பிடிப்பதற்காக உன் அத்தை இங்கேயே தங்கிவிட்டாள், நான் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் பீரோவின் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

உனக்கு எல்லா நன்மையும் வந்து சேரட்டும். எடுத்த வேலை கைகூடட்டும், உன்னைச் சுற்றி இருப்பவர்கள் உன்னைச் சரியாக நடத்தட்டும், நடத்தாவிட்டால் அவர்கள் பெயரை எனக்கு எழுது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, படிக்கும்போது விளக்கைப் பின்னால் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அம்மா உனக்குப் போன் பண்ணுவாள். கேட்கிற மாதிரி கேட்க மாட்டாள், வேறு எதையாவது பேசிக்கொண்டே நீ என்ன சொல்கிறாய் என்று பார்ப்பாள். அப்போது மறந்தும் கை எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. எந்த ரூட் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள். அவ்வளவு போதும், மீதியை அவளே சாப்பாடு ஆறும்வரை சொல்லுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் பஸ்ஸில் எடைக்கு ஏறின,
அப்பா.